நேரில் சொன்னால்தான் லீவு

இன்றைக்குக் கம்பெனி லைனில் எலுமிச்சை சோப்பு ஓடியது. வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தும் வாசனை போகவில்லை. சந்தனம் ஓடுகிற நாளில் சாயங்காலம் கம்பெனி பஸ் முழுக்கக் கோயில் வாசனை அடிக்கும், ரோஜா ஓடினால் கல்யாண வீடு மாதிரி இருக்கும், அதெல்லாம் உனக்குப் பிடிக்கும். எலுமிச்சை ஓடினால் மட்டும் துப்பட்டாவை மூக்கில் சுற்றிக்கொண்டு உட்காருவாய். "நான் ஊறுகா கம்பெனிக்குப் போறன்னு எங்க மாமியா ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்குது" என்று நீ சொன்னதற்கு அந்த பஸ் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. எலுமிச்சை ஓடுகிற நாட்களில் நான் உன்னோடு கொஞ்சம் அதிகமாகவே பேசுகிறேன், மனசுக்குள்தான். இன்றைக்கு அது போதாது என்று தோன்றியது. மத்தியானம் ஒரு காரியம் செய்தேன். அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

அதற்கு முன்னால் பழைய கதையை ஒருதரம் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நீ சொல்லும்போதெல்லாம் உன் பக்கத்தைப் பெரிசாக்கித்தான் சொல்வாய். இப்போது குறுக்கே பேச நீ இல்லை, அதனால் என் இஷ்டத்துக்குச் சொல்லப்போகிறேன்.

நாம் இரண்டு பேரும் திருவாண்டார்கோயில் சோப்பு கம்பெனியில் ஒரே வாரம் சேர்ந்தவர்கள். பேக்கிங் வேலை. நான் கிருமாம்பாக்கத்தில் ஏறுவேன். பஸ் பாகூரைச் சுற்றிக்கொண்டு வில்லியனூர் வரும்போது நீ ஏறுவாய். அதற்குள் நான் ஜன்னலோரம் பிடித்து ஒரு தூக்கமும் போட்டிருப்பேன். நீ வந்ததும் என்னைத் தள்ளிவிட்டு ஜன்னல் பக்கம் உட்காருவாய். என்னைவிட நீ இரண்டு மாசம் மூத்தவளாம். ஜன்னல் சீட்டு வேண்டும்போது மட்டும்தான் உனக்கு அந்த மூப்பு ஞாபகம் வரும், டீ வாங்கிக் கொடுக்க வேண்டும் என்றால் நீ என் தங்கச்சி ஆகிவிடுவாய்.

நம் லைனில் ஒரு வழக்கம் இருந்தது. யாரும் லீவை வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள், சொல்லி அனுப்புவார்கள். லைன் லீடர் முன்னால் போய் நின்று கேட்டால் அவர் இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். மூஞ்சிக்கு நேரே ஒருவரை இல்லை என்று சொல்ல வைப்பதும் சங்கடம், கேட்டுவிட்டுத் தலைகுனிந்து திரும்புவதும் சங்கடம். அதனால் காலையில் பஸ் ஏறுகிறவளிடம் சேதி கொடுத்துவிடுவார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், நாத்தனார் வந்திருக்கிறாள், கரும்பு வெட்டு, காது குத்து. சேதி கம்பெனிக்கு வந்து சேரும்போது ஆள் வரமாட்டாள் என்பது முடிந்துபோன விஷயமாக இருக்கும்.

அந்தச் சேதிகள் எல்லாம் உன்னிடம்தான் வந்தன. வில்லியனூர் நிறுத்தத்தில் உனக்காகவே ஆட்கள் காத்திருப்பார்கள், வேலைக்கு வராதவர்கள்கூட. நீ அதை அப்படியே கொண்டுபோய்க் கொட்டமாட்டாய். லீடர் டீ குடித்து முடிக்கிற வரைக்கும் பொறுத்திருந்து, இரண்டு வார்த்தை பொதுவாகப் பேசி, மூன்றாவதாகத்தான் சேதியை எடுப்பாய். காது குத்துக்குப் போனவளைப் பற்றி நீ சொல்லிக் கேட்டால் அந்தப் பிள்ளைக்கு நாமே போய் மொய் எழுதிவிட்டு வரலாமா என்று இருக்கும். பழைய லீடர் வேலையை விட்டுப் போனபோது அடுத்தது நீதான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உன் கீழ் வேலை செய்ய எனக்கு ஒரு கஷ்டமும் இருந்திருக்காது, நீ ஏற்கெனவே என்னை அதட்டிக்கொண்டுதான் இருந்தாய்.

ஒரு திங்கட்கிழமை காலை கேட்டுக்குப் பக்கத்து நோட்டீஸ் போர்டில் என் பெயரை ஒட்டியிருந்தார்கள். மூன்று மாசம் ட்ரையல், சரியாகச் செய்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் பழைய இடம். திரும்பிப் பார்த்தால் நீ எனக்குப் பின்னால் நின்று அதே தாளைப் படித்துக்கொண்டிருந்தாய். "நல்லா பண்ணுடி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாய். அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னல் சீட்டை நீ கேட்கவே இல்லை.

என்னை ஏன் போட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நான் தப்பைப் பார்த்தால் லைனை நிறுத்திவிடுவேன். ராப்பர் கோணலாக வந்தால் யார் அக்கா, யார் சித்தி என்று பார்க்கமாட்டேன். உன்னால் யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேச முடியாது. மேனேஜருக்கு அது தெரிந்திருந்தது. ஆனால் என்னால் ஒருவருடன் உட்கார்ந்து அவர் சொல்வதை முழுதாகக் கேட்க முடியாது என்பது அவருக்குத் தெரியாது.

லீடர் ஆன முதல் வாரமே நான் ஒரு சட்டம் போட்டேன். காலைக் கூட்டத்தில் எல்லோரையும் நிற்க வைத்து, இனிமேல் நேரில் சொன்னால்தான் லீவு, சொல்லி அனுப்பினால் கணக்கில்லை என்று அறிவித்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். "சரிக்கா, சரிக்கா" என்று வரிசையாகச் சொன்னார்கள். அந்தத் தலையாட்டலைப் பார்த்து எனக்கு ஒரே பெருமை. வரிசையின் கடைசியில் நீ மட்டும் கைக்கு உறை மாட்டிக்கொண்டு கீழே பார்த்துக்கொண்டிருந்தாய். உன் வாயைத்தான் நான் கட்டிவிட்டேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஒழுங்கு வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அடுத்த சில வாரம் லீவே அதிகம் விழவில்லை, அதனால் என் சட்டம் ஜெயித்துவிட்டது என்றே நம்பினேன்.

பிறகு வில்லியனூர் தேர் வந்தது.

தேரன்றைக்கு மற்றவர்களுக்கு எப்படியோ, நம் கம்பெனிக்கு லீவு கிடையாது. அன்றைக்கென்று சாயங்காலம் பெங்களூருக்கு லாரி ஏற்ற வேண்டும், பெரிய ஆர்டர். என் ட்ரையல் முடிய ஒரு வாரம் இருந்தது. காலையில் ஊருக்குள் போக முடியாமல் பஸ் பைபாஸ் வழியாகத் திரும்பியது. வழக்கமாக வில்லியனூரில் ஏறுகிற கூட்டத்தில் பாதி பேர் நின்றுகொண்டுதான் வருவார்கள். அன்றைக்கு பைபாஸ் ஓரத்தில் ஒரே ஒருத்தி நின்றிருந்தாள், தலையில் புதுப் பூ, மேலே கம்பெனி கோட்டு. நீதான்.

நீ ஏறி உட்கார்ந்ததும் மற்றவர்கள் எங்கே என்று கேட்டேன். தேருக்கு என்றாய். உனக்கு முன்னாடியே தெரியுமா என்றேன். போன வாரத்திலிருந்தே தெரியும் என்றாய், ஏதோ மழை வரும் என்று சொல்கிற மாதிரி. எனக்கு வந்த கோபத்தில் பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திவிட்டேன்.

"ஏண்டி எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"நீதான சொல்லி அனுப்பக் கூடாதுன்ன. ரூல மதிச்சேன்."

"அப்ப நீ மட்டும் இன்னாத்துக்கு வந்த?"

"நான் உங்கிட்ட நேர்ல லீவு கேக்கல. கேக்காதவ வரணும் இல்ல?"

உன் வீட்டு வாசலில்தான் தேர் திரும்பும். உன் வீட்டில் அன்றைக்கு மாமியார் பக்கத்துச் சொந்தம் எல்லாம் வந்து இறங்கியிருக்கும், நீ இல்லாத அடுப்படியில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று நான் ஊகித்துக்கொள்ளலாம். அதை விட்டுவிட்டு வந்திருந்தாய். என்னைக் காப்பாற்ற வந்தாயா, என் சட்டத்தின் லட்சணத்தை எனக்குக் காட்ட வந்தாயா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. இரண்டுமாகத்தான் இருக்கும், நீ ஒரு காரியத்தை ஒரே காரணத்துக்குச் செய்தவள் இல்லை.

அரியூரில் ஏறியவர்களையும் பாகூர் பக்கத்து ஆட்களையும் வைத்துக்கொண்டு ஒரு மெஷினைத்தான் ஓட்ட முடிந்தது. கொஞ்ச நேரத்தில் மேனேஜர் போன் செய்தார். லோடு ஆகிவிடுமா என்று கேட்டார். நம் ஊரில் இதற்கு ஒரே பதில்தான் உண்டு, ஆயிடும் சார். ஆகிற வேலைக்கும் அதுதான், ஆகாத வேலைக்கும் அதுதான். நானும் வாயைத் திறந்துவிட்டேன். மெஷினிலிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டே நீ என் பக்கம் பார்க்காமல் சொன்னாய்:

"எத்தினி பொட்டி ஆகும்னு சொல்லு. ஆயிடும்னு சொன்னியானா சாயங்காலம் லாரிக்காரன் வந்து நம்ம ரெண்டு பேரத்தான் ஏத்திக்கினு போவணும்."

பாதிதான் ஆகும் சார் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டதற்கும் உள்ளதைச் சொன்னேன். ஆள் வரவில்லை, வரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியவும் இல்லை. அந்தப் பக்கத்திலிருந்து நிறைய சத்தம் வந்தது. போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றேன், நீ அதைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாய். ஆனால் திட்டி முடித்தபின் அவர் பெங்களூருக்குப் பேசினார். பாதியை இன்றைக்கு அனுப்புவது, மீதியை மறுநாள் அனுப்புவது என்று முடிவு செய்தார். மத்தியானம் லைனுக்கே வந்து, காலையிலேயே சொன்னதால் ஏதோ செய்ய முடிந்தது என்றார். அதே மூச்சில், வராதவர்கள் எல்லோருக்கும் நாளைக்கு மெமோ, பெயரை எழுதிக் கொடுங்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். பெயர் கொடுத்தால் அந்த லைன் என்னை ஆயுசுக்கும் மன்னிக்காது. வேலை வாங்க முடியாத லீடராக உட்கார்ந்திருப்பேன். கொடுக்காவிட்டால் மேனேஜர் ட்ரையலோடு என்னை அனுப்பிவிடுவார். லீடர் சம்பளத்தை நம்பி வீட்டில் பெரியவளைக் காலேஜில் சேர்க்கப் பேசி வைத்திருந்தேன் என்பது உனக்குத் தெரியும்.

சாயங்காலம் பஸ்ஸில் நாம் பேசிக்கொண்டது பேச்சே இல்லை, சண்டை. உனக்குப் பொறாமை என்றேன், எனக்குக் கிடைத்தது உனக்குப் பொறுக்கவில்லை என்றேன். நீ கோபப்படவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாய்.

"எனக்குக் கெடைக்கலன்றது கூட பெருசா இல்லடி. அத்தினி வருசம் வேல செஞ்ச இடத்துல ஒருத்தரு கூப்ட்டு உக்கார வெச்சு, ஒனக்கு இல்லம்மா, இதனாலன்னு ஒரு வார்த்த சொல்லல. செவுத்தப் பாத்து தெரிஞ்சிக்கினேன்."

எனக்கும் அந்தச் சுவரில்தான் தெரிந்தது என்றேன். அது தெரியும், அதனால்தான் இன்னும் உன்னோடு பேசுகிறேன் என்றாய். நீ கண்ணைத் துடைக்கவில்லை, நான்தான் துடைத்துக்கொண்டேன். அரியூர் தாண்டியதும் நீயே பேச்சை எடுத்தாய். குறுக்குச் சந்தை அடைத்த கெட்டிக்காரி பெரிய தெருவைத் திறந்துவிட வேண்டாமா என்று கேட்டாய். நேரில் சொல் என்றால் எப்படிச் சொல்வார்கள், உன் மூஞ்சியைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறாயா, கடன் வசூலிக்க வந்தவள் மாதிரி நிற்கிறாய் என்றாய். வில்லியனூர் பைபாஸில் இறங்குவதற்குள் ஒரு யோசனையும் சொல்லிவிட்டாய். இனிமேல் தூது போகமாட்டேன், ஆனால் கூட வருகிறேன் என்றாய்.

மறுநாள் காலை முதலில் மேனேஜர் அறைக்குப் போனேன். பெயர் எழுதிய தாளைக் கொண்டுபோகவில்லை. எனக்கு ஒரு மாசம் கொடுங்கள், அதற்குப் பிறகு யாராவது சொல்லாமல் நின்றால் மெமோவை நானே எழுதித் தருகிறேன் என்றேன். என் ட்ரையலையும் அந்த மாசத்தோடு சேர்த்து நீட்டிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்துவிட்டுச் சரி என்றார். பயந்துகொண்டு போனவள் வெளியே வரும்போது நிமிர்ந்துதான் வந்தேன். ஒரு பெரிய மனுஷனிடம் உள்ளதைச் சொல்லி நேரம் கேட்டு வாங்க என்னால் முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

காலைக் கூட்டத்தில் எல்லோரும் திட்டுக்குத் தயாராக வந்து நின்றார்கள். நான் திட்டவில்லை. லாரி பாதி காலியாகப் போனதையும், மேனேஜர் கேட்டதையும், நான் சொன்னதையும், வாங்கி வந்த ஒரு மாசத்தையும் அப்படியே சொன்னேன். தேருக்குப் போவது தப்பில்லை என்றேன். போன வாரமே எனக்குத் தெரிந்திருந்தால் இரண்டு நாள் முன்னால் கூடுதல் நேரம் ஓட்டி லோடை முடித்திருக்கலாம், எல்லோரும் போயிருக்கலாம், நானும் வந்து தேர் பார்த்திருப்பேன் என்றேன். பின்னால் யாரோ "அய்யோ பாவம்" என்று முணுமுணுத்தார்கள். இந்தத் தடவை யாரும் தலையாட்டவில்லை. அது எனக்குப் பழைய தலையாட்டலைவிட நல்லதாகப் பட்டது.

உன் யோசனை அடுத்த வாரம் வேலை செய்ய ஆரம்பித்தது. சேதி கொடுக்க வந்தவளிடம் நீ சேதியை வாங்கவில்லை, கையைப் பிடித்து என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தாய். வந்து பக்கத்தில் நின்றாய், அவ்வளவுதான். வாயைத் திறக்கக் கூடாது என்பது நமக்குள் பேச்சு. உனக்கு அதைவிடப் பெரிய தண்டனை உலகத்தில் இல்லை. முதலில் வந்தது நம் லைனில் வயசில் மூத்தவளான சரோஜா அக்கா. அவளுடைய அக்கா மகளுக்கு வளைகாப்பு, வெள்ளிக்கிழமை லீவு வேண்டும். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு வியர்த்துவிட்டது. வெள்ளிக்கிழமை எனக்கு ஆளே இல்லை. இல்லை என்று சொன்னேன். அவள் முகம் செத்துப்போய்த் திரும்பினாள்.

அவள் போனதும் நீ என்னைப் பிடித்துக்கொண்டாய். "நீ இல்லன்னு சொல்றது கதவ படார்னு சாத்தற மாதிரி இருக்குதுடி. கொஞ்சம் தொறந்து வெச்சுக்கினு சொல்லேன்." எப்படி என்று கேட்டேன். ஏன் இல்லை என்று சொல், வேறு என்ன முடியும் என்று சொல், உட்கார வைத்துச் சொல் என்றாய். நான் அப்போதே போய் சரோஜா அக்காவை ஸ்டூலில் உட்கார வைத்து, வெள்ளிக்கிழமை எத்தனை பேர் குறைவு என்று சொன்னேன். முழு நாள் முடியாது, வளையல் போடுகிற நேரத்துக்குப் போகலாம், மத்தியானத்துக்கு மேல் விடுகிறேன் என்றேன். அதையே முதல்லயே சொல்லக் கூடாதா என்று அவள் என்னைத் திட்டினாள். ஒரு லீடரைத் திட்டுகிற அளவுக்கு அவளுக்குத் தைரியம் வந்ததில் நீ அடைந்த சந்தோஷம் இருக்கிறதே, அன்றைக்கு முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

அந்த ஒரு மாசம் முடிவதற்குள் பலர் நீ இல்லாமலே என்னிடம் வர ஆரம்பித்துவிட்டார்கள். நான் நிரந்தரம் ஆனேன். மேனேஜர் இந்தத் தடவை போர்டில் ஒட்டவில்லை, அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார். அதை நான்தான் அவரிடம் கேட்டிருந்தேன். கேட்கச் சொன்னது நீ.

கம்யூனிகேஷன் பயிற்சி என்று சென்னையிலிருந்து ஒருவர் வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? திரையில் படம் போட்டு, எதிரே இருப்பவர் கண்ணைப் பார்த்துப் பேசுங்கள் என்றார். நீ எழுந்து, "சார், எங்க மாமியா கண்ணப் பாத்து பேசியிருந்தா என்ன அன்னிக்கே அம்மா வூட்டுக்கு அனுப்பியிருப்பாங்க" என்றாய். அவரும் சேர்ந்து சிரித்தார், நல்ல மனுஷர். ஆனால் அவர் சொன்ன ஒன்றை நாம் இருவரும் பிடித்துக்கொண்டோம். புரிந்ததா என்று கேட்காதீர்கள், என்ன புரிந்தது என்று கேளுங்கள் என்றார். மறுநாளிலிருந்து நீ வீட்டில் உன் வீட்டுக்காரரிடமே அப்படிக் கேட்க ஆரம்பித்து, அவர் சாப்பாட்டுத் தட்டோடு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார் என்றும் நீதான் சொன்னாய்.

இரண்டு வருஷம் கழித்து உனக்கும் இரண்டாவது லைன் லீடர் பதவி வந்தது. அப்போதுதான் என் முறை. உன்னால் இல்லை என்ற வார்த்தையைச் சொல்லவே முடியவில்லை. யார் கேட்டாலும் லீவு, யார் அழுதாலும் லீவு. ஒருநாள் பாதி லைன் உன் தயவில் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தது, நீ தனியாக அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருந்தாய். அன்றிலிருந்து பஸ்ஸில் உனக்குப் பயிற்சி கொடுத்தேன். நான் லீவு கேட்கிறவள், நீ இல்லை என்று சொல்ல வேண்டும். நான் பொய்யாக மூக்கை உறிஞ்சினால் போதும், நீ சரி போ என்று சொல்லிவிடுவாய். பஸ் முழுக்க வேடிக்கை பார்க்கும், டிரைவர் அண்ணன்கூட கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பார். எத்தனையோ தடவை தோற்ற பிறகு ஒருநாள் என்னை நேரே பார்த்து, "இல்லடி. நாளைக்கு நீ இல்லாட்டி லைன் நிக்கும். சனிக்கிழம எடுத்துக்கோ" என்றாய். பஸ்ஸே கை தட்டியது. உனக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. நான் லீடர் ஆன நாளைவிட அன்றைக்குத்தான் எனக்கு அதிக கர்வம்.

உன் லைன் நன்றாக ஓடியது. ஆட்கள் உனக்குப் பயப்படவில்லை, உன்னை ஏமாற்றவும் இல்லை. மேலே போனவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், இரண்டும் சேர்ந்து வாய்த்தது உனக்குத்தான்.

பிறகு உனக்கு வயிற்று வலி வந்தது. அரியூர் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட வந்தேன். கட்டி என்றார்கள், பிறகு அது எந்த மாதிரிக் கட்டி என்றும் சொன்னார்கள். மருந்து ஏற்றிக்கொண்டே கொஞ்ச காலம் வேலைக்கும் வந்தாய். ஒரு புதன்கிழமை மத்தியானம், தலையில் ஸ்கார்ப் கட்டிக்கொண்டு, ஆட்டோ வைத்துக்கொண்டு கம்பெனிக்கு வந்தாய். அன்றைக்கு உனக்கு வேலை நாள் இல்லை. போனில் சொல்லியிருக்கலாம், உன் மகனை அனுப்பியிருக்கலாம். நான் அதற்குள் ஷிப்ட் சூப்பர்வைசர் ஆகியிருந்தேன், உன் லீவு என் கையில்தான் இருந்தது. என் முன்னால் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, இனிமேல் என்னால் வர முடியாது, என் லைனுக்கு ஆளைப் பார் என்று சொன்னாய். சீக்கிரம் வந்துவிடுவாய் என்று சொல்ல வந்தேன். நீ தலையை மட்டும் அசைத்தாய், வேண்டாம் என்று. சரி என்றேன். அந்த ஒரு சரிதான் நான் என் வாழ்க்கையில் சொன்னதிலேயே கஷ்டமானது. கொஞ்ச நேரம் உன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அதற்குப் பிறகு நீ லைனுக்குள் போய் எல்லோரிடமும் தனித்தனியாகச் சொல்லிவிட்டுப் போனாய்.

உன் லைனை இத்தனை நாள் நானே கூடுதலாகப் பார்த்துக்கொண்டேன். இனி முடியாது, ஒருவரைப் போட வேண்டும் என்று மேலே சொல்லிவிட்டார்கள். அந்த லைனிலேயே அதற்குத் தகுந்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒன்று கனகா. இன்னொன்று ஸ்டெல்லா, அரியூர்ப் பெண், உன் செல்லம். நீ படுக்கையில் கிடந்தபோது கடைசி வரைக்கும் வீட்டுக்கு வரச் சொல்லிக் கேட்டதும் அவளைத்தான். அடுத்தது ஸ்டெல்லாதான் என்று பஸ்ஸே பேசிக்கொண்டிருந்தது. நான் கனகாவின் பெயரைக் கொடுத்தேன். உனக்குக் கோபம் வந்தால் வரட்டும், காரணத்தைக் கேள். ஸ்டெல்லா யாரிடமும் எதையும் சொல்லமாட்டாள். மெஷினில் கோளாறு என்றால் தானே சரிபண்ணிவிடுவாள், பக்கத்தில் ஒருத்தி தப்பு செய்தால் அதையும் தானே திருத்திவிடுவாள். கை வேகம், மனசு தங்கம், வாய் மட்டும் பூட்டு. கனகா கொஞ்சம் மந்தம்தான், ஆனால் நிறுத்திவிட்டு நாலு பேரைக் கூப்பிட்டுச் சொல்வாள்.

நாளைக்குக் காலை போர்டில் ஒட்டப் போகிறார்கள். அதனால் இன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், கனகாவுக்குச் சொல்வதற்கும் முன்னால், ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன். உட்கார வைத்தேன். உனக்கு இல்லை என்று சொன்னேன். அவள் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். நான் எழுந்திருக்கவில்லை. நீ எனக்குச் சொன்ன மாதிரி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கடைசியில் அவளே வாயைத் திறந்தாள்.

"ஏங்க்கா எனக்கு இல்ல?"

அந்தப் பெண் என்னிடம் நேரே கேட்ட முதல் கேள்வி அதுதான். காரணத்தைச் சொன்னேன், ஒளிக்காமல். அவள் அழுதாள். கொஞ்சம் சண்டையும் போட்டாள், அவங்க இருந்திருந்தா எனக்குத்தான் குடுத்திருப்பாங்க என்றாள். இருக்கலாம் என்றேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாய் பேசக் கத்துக்கினா அடுத்த தடவை உண்டா என்று கேட்டாள். உண்டு, நானே சொல்லித் தருகிறேன் என்றேன். இதை நாளைக்கு போர்டில் பார்த்திருந்தால் அப்படியே திரும்பி வீட்டுக்குப் போயிருப்பேன் என்று சொல்லிவிட்டு எழுந்தாள். அவள் போன பிறகுதான் அழுதேன், ஸ்டெல்லாவுக்காக இல்லை. அந்தத் திங்கட்கிழமை காலை போர்டின் முன்னால் நின்றிருந்த உனக்காக.

இதுதான் நான் செய்த காரியம். ஒருவருக்குக் கிடைத்ததைச் சொல்ல ஆயிரம் பேர் ஓடி வருவார்கள், கிடைக்காததைச் சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவராக இருக்கிற தைரியம் எனக்கு இருக்கிறது. அது உன்னிடமிருந்து வந்தது. இந்த வேலையில் நான் இருக்கிற வரைக்கும் அது என்னோடு இருக்கும்.

உன்னிடம் இதை நேரில் சொல்ல வழியில்லை. யாரிடமாவது சொல்லி அனுப்பலாம் என்றால் அதற்கும் நீதான் ஆள்.